ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவும்

கூட்டுறவு ஆய்வாளன் ஒரு சங்கத்திற்குச் சென்றால் முதலில் கேட்பது புத்தகங்களையே. ரொக்கப் புத்தகம், பொதுப் பேரேடு, உறுப்பினர் பதிவேடு, சரக்கிருப்புப் பதிவேடு, கூட்ட நடவடிக்கைப் புத்தகம் என்று அவை வரிசையாக மேசைமீது வந்து சேரும். அவற்றைப் புரட்டிக் குறை காண்பதே எங்கள் தொழில். சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்தில் இப்பணியில் அமர்ந்திருந்தேன். இருந்த புத்தகங்களில் குறை ஏதும் காணவில்லை. ஆனால், இல்லாத ஒரு புத்தகத்தின் குறையைக் கடல் கடந்து வந்த ஒரு கடிதம் எனக்கு உணர்த்திற்று.

கடிதம் எழுதியவள் அச்சங்கத்து இயக்குநர் ஒருவருடைய தமையன் மகள். இங்கிலாந்தில் செவிலியாகப் பணிபுரிகிறாள். ஊரில் இருந்த நாளில் தறிப் பக்கம் திரும்பியும் பாராதவள் என்று சொல்லிச் சிற்றப்பா சிரித்தார். அந்நாட்டுக் குளிர்காலத்தில் பொழுது சாய்வது விரைவு. மாலை நீளுவது அதிகம். அத்தகைய மாலை ஒன்றில் பொது நூலகத்திற்குச் சென்றவள், கைத்தொழில் நூல்கள் அடுக்கிய பலகையில் இந்தியத் துணிகளைப் பற்றிய பழைய நூல் ஒன்றைக் கண்டாள். அதிலே கட்டம் போட்ட துணி ஒன்றின் படம். தன் பாட்டனார் நெய்த கட்டம் போலவே அது அவளுக்குத் தோன்றிற்று. சிறிய கைத்தறி ஒன்றை வாங்கினாள், நெய்து பார்த்தாள், சரியாக வரவில்லை. படத்தைச் சிற்றப்பாவுக்கு அனுப்பி, "தாத்தா இந்தக் கட்டத்திற்குச் சிவப்பில் எத்தனை இழை வைத்தார்? கறுப்பில் எத்தனை? ஓரத்தில் இரட்டை இழை உண்டா?" என்று கேட்டிருந்தாள்.

பாட்டனார் காலமாகிப் பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. சங்கத்தில் அன்று இருந்த மூத்த நெசவாளர் அறுவரைக் கேட்டோம். ஆறு கணக்குகள் வந்தன.

"இதற்கெல்லாம் மாதிரிப் புத்தகம் ஒன்று வைத்திருக்கலாகாதா?" என்று தலைவரைக் கேட்டேன். அவர் அறுபது ஆண்டு தறியில் பழகியவர். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா, ஐயா? கை பழகினால் வருவது நெசவு" என்றார். பெரியவரின் சொல் பாதி உண்மை. மற்றப் பாதியைப் பற்றிச் சங்க அன்பர்களுக்குச் சில சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அயல் நாட்டில் திறந்த கண்

அச்செவிலியின் அனுபவம் புதியதன்று. அவள் இங்கிருந்து அங்கே சென்றாள். நூறாண்டுகளுக்கு முன்னர் அங்கிருந்து இத்திசைக்கு வந்து, இவ்வாறே கண் திறக்கப் பெற்றவர் ஓர் ஆங்கில மாது. அவர் பெயர் எத்தல் மேரி பார்ட்ரிட்ஜ். 1872 இல் டெவன் நாட்டுப்புறத்தில் பிறந்தவர். 1902 இல் ஆனந்த குமாரசுவாமியை மணந்தார். குமாரசுவாமியின் தந்தையார் கொழும்பில் புகழ்பெற்று விளங்கிய தமிழர் சர் முத்து குமாரசுவாமி, தாயார் ஆங்கிலேயர். ஆனந்த குமாரசுவாமி இங்கிலாந்திலேயே வளர்ந்து, கனிப்பொருள் ஆய்வுத் துறையின் தலைமை ஏற்று 1903 இல் இலங்கைக்கு வந்தார். எனவே தம் தந்தையின் நாட்டை அவரும் ஒரு வகையில் புதியவராகவே கண்டார்.

கல்லையும் மண்ணையும் ஆராய ஊர் ஊராகச் சென்ற இடங்களில் அவ்விருவரும் கண்டது கைத்தொழிலாளரை. கண்டிப் பகுதிச் சிற்றூர்களில் நெசவாளர், பாய் முடைவோர், தச்சர், கொல்லர், குயவர் ஆகியோர் தந்தை வழி வந்த முறைகளை இன்னும் கைவிடாதிருந்தனர். மருள் நாரில் பாய் நெய்தார்கள். சப்பங்கிக் கட்டையில் சிவப்பும் மரமஞ்சளில் மஞ்சளும் எடுத்தார்கள். ஆயினும், தொழில் மங்கி வந்தது. குமாரசுவாமி கேட்டு எழுதினார். எத்தல் அம்மையார் படம் பிடித்தார். இங்கிலாந்து திரும்பிய பின் அவ்வுழைப்பு 1908 இல் பெரு நூலாக வெளிவந்தது. இலங்கையின் இடைக்காலக் கலைகளைப் பற்றிய அந்நூலைக் குமாரசுவாமி வில்லியம் மாரிஸ் கையாண்ட அச்சுப்பொறியிலேயே அச்சிடுவித்தார். வெளிவந்த படிகள் 425 மட்டுமே.

உள்ளூரார் அறியாத எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. பாய் நெய்தவனுக்குத் தெரியாத முறை எதுவும் அந்நூலில் இல்லை. தினமும் காண்பதை நாம் எழுதி வைப்பதில்லை. புதியவன் வியக்கிறான், ஆதலால் எழுதுகிறான். வேறுபாடு இவ்வளவே.

தொலைவு, பிறர் பொருளை மட்டுமன்று, தம் பொருளையும் காட்டும். பெர்னார்டு லீச் என்னும் ஆங்கிலேயர் 1909 இல் ஜப்பானுக்குச் சென்று, அங்கே குயத்தொழில் பயின்றார். அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் சார்லஸ் லோமாக்ஸ் என்பவர் தம் நாட்டுப் பழைய மட்கலங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டிருந்தார். களிக்குழம்பால் கோலமிட்ட நாட்டுப்புறக் கலங்கள் அவை. அந்நூல் தோக்கியோவிலே லீச்சின் கைக்கும் அவர் தோழர் தோமிமோட்டோ கென்கிச்சியின் கைக்கும் வந்தது. தம் சொந்த நாட்டுக் குயவனின் பெருமையை லீச் உணர்ந்தது ஆறாயிரம் மைல் தொலைவில், ஒரு புத்தகத்தின் ஏட்டில்! 1920 இல் அவர் ஹமாடா ஷோஜி என்னும் ஜப்பானியக் குயவருடன் தாயகம் திரும்பி, கார்ன்வால் கடற்கரையிலுள்ள செயின்ட் ஐவ்ஸ் ஊரில் சூளை அமைத்தார். மறைந்து போயிருந்த அக்கோலக் கலங்களை இருவரும் மீண்டும் செய்து பழகினர்.

இங்கே பெரியவரின் பாதி உண்மையைக் காண்கிறோம். நூலைப் பார்த்தவுடன் லீச்சுக்குக் கலம் வனைய வரவில்லை. களிமண்ணில் கை வைத்துப் பல முறை கெட்டபின்னரே வந்தது. ஆனால், நூல் இல்லையேல் கை எதைத் தேடியிருக்கும்?

சாயத் தொட்டியும் ஒரு சிறு நூலும்

எத்தல் அம்மையார் கதையைத் தொடர்வோம். இங்கிலாந்து திரும்பிய பின்னர் அவர் நூற்கவும் நெய்யவும் சாயம் ஏற்றவும் தாமே முயன்று கற்றார். முதல் மணம் முறிந்து, 1913 இல் பிலிப் மேரெட் என்பவரை மணந்தார். எத்தல் மேரெட் என்னும் பெயரே பின்னர் நிலைத்தது. சசெக்சு நாட்டுப்புறத்து டிச்லிங் என்னும் சிற்றூரில் தறிகள் அமைத்தார். அவரிடம் கற்றோர் பலர். தொழில் வடிவமைப்பாளர்களுக்கு இங்கிலாந்தில் வழங்கப்படும் உயரிய சிறப்பினைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. 1952 இல் காலமானார்.

அவர் 1916 இல் வெளியிட்ட தாவரச் சாயங்களைப் பற்றிய சிறு நூலே நமக்கு முக்கியம். அக்காலத்தின் நிலையைச் சிறிது எண்ணிப் பாருங்கள். 1856 இல் வில்லியம் பெர்கின் கரித்தாரிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தார். 1869 அளவில் மஞ்சிட்டி வகை வேர்களின் சிவப்பும் ஆலையில் செய்யப்பட்டது. 1897 இல் ஜெர்மானியரின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. நாற்பதே ஆண்டுகளில் பல நூற்றாண்டுத் தொழில் சரிந்தது. சாயக்காரர் தொட்டியைக் கவிழ்த்தார். உழவர் அவுரியை விட்டு வேறு பயிரை நாடினார். அம்மையார் பழைய சாயக் குறிப்புகளைத் தேடி எடுத்து, தம் தொட்டியிலே செய்து பார்த்து, எடையும் அளவும் நேரமும் குறித்து வெளியிட்டார். பன்முறை மறு பதிப்புக் கண்ட அந்நூல் பல நாட்டுக் கைநெசவாளருக்கு முதல் வழிகாட்டியாயிற்று.

அந்நூலை வாங்கி அப்படியே பின்பற்றுங்கள் என்று சொல்ல வந்தேனல்லேன். அங்கே நூல் என்றால் பெரும்பாலும் கம்பளி. கம்பளி படிகாரத்தை எளிதில் பற்றும்; அதன் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு படிகாரம் இட்டுக் காய்ச்சி, பின் சாயத்தில் தோய்ப்பது மேல்நாட்டுப் பழைய முறை. நம் பருத்தி அவ்வாறு பற்றாது. அதற்கு முதலில் துவர்ப்பு ஏற வேண்டும். அதனால்தான் நம் கலங்காரித் தொழிலாளர் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் தோய்த்து உலர்த்தி, அதன் பின்னரே படிகாரம் இட்டார்கள். இதனை அறியாது கம்பளிக்குச் சொன்ன கணக்கைப் பருத்திக்கு வைத்தால் முதல் வெளுப்பிலேயே நிறம் ஆற்றோடு போகும். நீரும் ஊருக்கு ஊர் வேறுபடும். இரும்புச் சத்துள்ள கிணற்று நீர் சிவப்பை மங்கச் செய்யும். எனவே பிறர் நூலிலிருந்து நாம் கொள்ள வேண்டுவது கணக்கை அன்று. கணக்கு வைக்கும் பழக்கத்தை.

விளைவிப்போராகிய அன்பர்களுக்கும் இதில் பங்குண்டு. நம் சோழமண்டலக் கரையிலும் யாழ்ப்பாணக் கரையிலும் மணற்பாங்கான நிலத்தில் எடுத்த சாயவேர் ஒரு காலத்தில் கடல் கடந்த வாணிகத்தின் உயிராக இருந்தது. தென்னார்க்காட்டுப் பகுதியில் அவுரி இன்றும் சில இடங்களில் பயிராகிறது. அது மண்ணுக்கும் தழைச்சத்து ஊட்டும் பயிர். இயற்கைச் சாயத் துணியை நாடுவோர் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் இன்று உள்ளனர். ஆனால், கொள்வாரைக் கேட்காமல் நிலத்தை மாற்றுவது அறிவுடைமையன்று. எந்த மாதத்தில் அறுத்த அவுரியில் நீலம் மிகுதி, எந்த நிலத்து வேரில் சிவப்பு கெட்டி என்பதை நெசவாளரும் உழவரும் ஒரே ஏட்டில் எழுதி வந்தால், பேச்சு பேரமாகவும் பேரம் ஒப்பந்தமாகவும் மாற இடமுண்டு. செயற்கைச் சாயத்தை இன்றே கைவிடுங்கள் என்று நான் கூறவில்லை. விலை குறைந்த அன்றாடத் துணிக்கு அது வேண்டியதே. இரண்டையும் அறிந்து தேர்வது வேறு; ஒன்றை மறந்துவிட்டு மற்றொன்றில் சிக்கி நிற்பது வேறு.

நம் துணி, பிறர் ஏடு

புத்தகம் எப்பொழுதும் நண்பனாக வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1866 இல், லண்டனில் இந்திய அமைச்சு அலுவலகத்தில் பணிபுரிந்த ஜான் போர்பஸ் வாட்சன் என்பவர் விந்தையான நூல் ஒன்றைத் தொகுத்தார். மொத்தம் 18 தொகுதிகள். அவற்றில் அச்சிட்ட படங்களுக்குப் பதிலாக 700 உண்மைத் துணித் துண்டுகள் இருந்தன. வேட்டி, சேலை, தலைப்பாகை, கட்டத் துணி ஆகியவற்றை வெட்டி ஒட்டி, விளைந்த ஊர், நீளம், அகலம், எடை, விலை ஆகியவற்றை அருகிலே குறித்திருந்தார். நம் மாகாணத்துத் துணிகளும் அவற்றுள் உண்டு. இத்தகைய தொகுப்புகள் 20 செய்யப்பட்டன. 13 பிரிட்டனில் தங்கின, 7 இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. இந்தியர் விரும்பி உடுப்பது எது என்று ஆங்கில ஆலைக்காரர் அறிந்து, அதனையே ஆலையில் நெய்து நமக்கு விற்க வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம்.

நம் பாட்டனார்கள் தறியில் அமர்ந்து நெய்தார்கள். எழுதவில்லை. அவர்களுக்குப் போட்டியாக வந்தவன் எழுதி வைத்தான். இன்று அக்காலத் துணியைக் காண விரும்பும் ஆராய்ச்சியாளர் அதே தொகுதிகளைத்தான் நாட வேண்டியிருக்கிறது. நம்மை வீழ்த்தச் செய்த புத்தகமே நம் பெருமைக்குச் சாட்சியாக நிற்கிறது! இதனினும் பெரிய பாடம் வேறு என்ன வேண்டும்? தொழிலைப் பற்றிய ஏட்டை நாம் எழுதாவிடில், பிறர் தம் நோக்கத்திற்கு எழுதுவார். அன்றி, எவருமே எழுதாது அது சுடுகாட்டுக்குப் போகும்.

"மாதிரிப் புத்தகம் வைத்தால் வியாபாரி திருடிக்கொள்ள மாட்டானா?" என்று கேட்போர் உளர். அச்சம் நியாயமானதே. புதுக் கரை ஒன்று சந்தைக்குப் போன மறு மாதமே விசைத்தறியில் அது ஓடுவதை நாம் கண்டிருக்கிறோம். ஆனால், அந்தத் திருட்டு நடப்பது நம் ஏட்டைப் பார்த்தன்று. கடையில் தொங்கும் துணியைப் பார்த்து. ஏடு உள்ளவன், இது எங்களுடையது, இன்ன நாளில் இன்னார் நெய்தது என்று காட்டவாவது முடியும். 1999 ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்படி ஓர் ஊரின் பொருளுக்குப் பாதுகாப்புக் கோருவோர் அதன் தோற்றத்திற்கும் தொன்மைக்கும் சான்று காட்ட வேண்டும். அப்பொழுது, கை பழகினால் வரும் என்னும் விடை போதாது.

எவ்வாறு வைப்பது?

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. தடித்த தாளில் தைத்த பேரேடு ஒன்று போதும். நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் நிறைவேற்றி, பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் உள்ளங்கை அகலத் துணித் துண்டு ஒன்றைத் தைத்து வைப்பது நன்று. ஒட்டினால் பசையைப் பூச்சி அரிக்கும். அதனருகே பாவு நூலின் நம்பர், ஊடை நூலின் நம்பர், அச்சின் கணக்கு, நிற வரிசைப்படி இழைக் கணக்கு, விழுது கோத்த வரிசை, மிதி வரிசை ஆகியவற்றை எழுத வேண்டும். சாயம் ஏற்றியது உள்ளூரிலாயின் நூலின் எடை, சாயப் பொருளின் எடை, அது வந்த நிலம், அறுத்த மாதம், எடுத்த நீர், காய்ச்சிய நேரம் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். கெட்டுப்போன முயற்சியையும் மறைக்காமல் எழுத வேண்டும். பிறர் அதே குழியில் விழாதிருக்க அது உதவும். இறுதியாக, நெய்தவர் பெயரும் அவர் யாரிடம் கற்றார் என்பதும் தவறாமல் இடம் பெற வேண்டும். ஊதியப் பட்டியலிலும் கடன் பேரேட்டிலும் மட்டுமே காணப்படும் நெசவாளரின் பெயர், தொழிலின் ஏட்டில் ஒரு முறையேனும் காணப்படட்டும்.

துண்டுகளை இரண்டாக வெட்டி, இரு படிகள் வைப்பது நலம். ஒன்று எடுத்துப் பார்க்க. மற்றொன்று ஒளி படாத பெட்டியில், வசம்பு இட்டுப் பாதுகாக்க. வெளிச்சத்தில் மங்கிய துண்டையும் மங்காத துண்டையும் ஐந்தாண்டு கழித்து ஒப்பிட்டால் எந்தச் சாயம் கெட்டி என்பதும் விளங்கிவிடும்.

வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். அவர்கள் அனுப்பும் பணத்தை எண்ணுகிறோம். அவர்கள் அங்கே நூலகத்திலும் அருங்காட்சியகத்திலும் காண்பதை நாம் கேட்பதில்லை. நம் துணியைப் புதியவர் கண்ணோடு பார்க்கும் பேறு அவர்களுக்கு வாய்த்திருக்கிறது. அங்கே கண்ட கட்டத்தையும் கரையையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இங்கே இழைக் கணக்கை எழுதி அனுப்புங்கள். எத்தல் அம்மையார் ஒரு தீவில் கண்டதை மற்றொரு தீவுக்குக் கொண்டு சென்றார். அத்தகைய தூது நம் வீட்டிலேயே இருக்கிறது.

அந்தச் செவிலியின் கேள்விக்கு விடை கிடைத்ததா என்று அன்பர்கள் கேட்கக்கூடும். ஒரு வகையில் கிடைத்தது. மூன்று வாரம் கழித்து, பாட்டனாரின் துணைவியார் தம் பெட்டியின் அடியிலிருந்து பழைய துண்டு ஒன்றை எடுத்துத் தந்தார். பேரக்குழந்தைகளுக்கு ஏணை கட்டிய துண்டு அது. இழை எண்ணும் கண்ணாடியை வைத்துத் தலைவரே எண்ணினார். சிவப்பு 24, கறுப்பு 12, ஓரத்தில் இரட்டை இழை நான்கு. ஆறு நெசவாளரும் சொன்ன கணக்குகளில் ஒன்றும் அதுவன்று. அந்தக் கணக்கு இங்கிலாந்துக்குச் சென்றது. அதே கணக்கே சங்கத்தின் மாதிரிப் புத்தகத்திற்கும் முதற் பக்கமாயிற்று. சுரைக்காய் கறிக்கு உதவுமா என்று கேட்ட பெரியவரே தம் கையால் அதனை எழுதினார்.

ஆயினும் அப்பக்கத்தில் ஓர் இடம் வெறுமையாக இருக்கிறது. அந்தச் சிவப்பு எதனால் ஏற்றப்பட்டது, எந்தக் கிணற்று நீரில் என்பதைத் துணி சொல்லவில்லை. சொல்லக்கூடியவர் இன்று இல்லை. இரண்டாம் பக்கத்திற்கு உரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அடுத்த பொதுக் கூட்டம் வரை காத்திராமல், அவர்களை இவ்வாரமே அணுகிக் கேட்டு எழுதிக்கொள்வோமாக.